தலைமையிடத்தை விட்டுச் செல்ல அனுமதி

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளிக்குத் தன் நாற்காலியில் உட்கார இடமிருக்காது. கூரியர் பெட்டிகள் உட்கார்ந்திருக்கும். இந்த வருடம் என் மகன் ஒரு படி மேலே போய், "உங்களுக்கு என்ன வேணுமோ அதோட லிங்க்கை அனுப்பிடுங்கம்மா" என்று செய்தி அனுப்பியிருக்கிறான். விருப்பப் பட்டியலாம். எனக்கு வேண்டியதை நானே கடையில் தேடி, நானே சுட்டிக்காட்டி, பெட்டி வந்ததும் நானே ஆச்சரியப்பட வேண்டும். முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவள் நான். இவ்வளவு ஓட்டையுள்ள ஒரு நடைமுறையை எந்தத் துறையிலும் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் இதைவிட ஒழுங்கான நடைமுறை ஒன்று ஒரே ஒரு கிறிஸ்துமஸுக்கு அமலில் இருந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. ஆவடியில் சேக்காட்டில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவின் ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலை பூந்தமல்லியில், ஓர் அரசு அலுவலகத்தில், ஊழியர்களின் விடுப்புக் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில். அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு பேரும் காலையில் பஸ் ஏறிவிட்டால் வீட்டையும் அண்ணனையும் என்னையும் பார்த்துக்கொண்டது அத்தை, அப்பாவின் தங்கை. ஆசிரியர் பயிற்சி முடித்தவர். நான் பிறந்த சமயத்தில் ஒத்தாசைக்கென்று ஒரு மாதத்துக்கு வந்தார். அந்த மாதம் எட்டு வருடமாக முடியாமல் இருந்தது. கல்யாணம் ஆகும்வரை தங்கச்சி வேலைக்குப் போகக்கூடாது என்று பெரம்பூரில் இருந்த பெரியப்பா சொல்லியிருந்தார். கல்யாணமும் ஆகவில்லை. அதற்கு யாரும் பெரிதாக அலையவும் இல்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அத்தை என்றால் எங்கள் வீட்டில் இருப்பவர் என்று நினைத்திருந்தேன், கிணறு இருப்பதைப் போல.

அந்த வருடம் டிசம்பர் முதல் ஞாயிறு ஆராதனையில் எங்கள் சபைப் போதகர், பண்டிகை கடைத்தெருவுக்குப் போய்விட்டது, அதை வீட்டுக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பிரசங்கம் செய்தார். எல்லோரும் தலையாட்டிவிட்டு, துணியெடுக்கப் புறப்பட்டார்கள். அப்பா மட்டும் அதை ஓர் அரசாணையாக எடுத்துக்கொண்டார். அன்று மாலையே பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டினார். இந்தப் பண்டிகைக்குக் கடையில் எதுவும் வாங்கப்பட மாட்டாது. வீட்டில் உள்ள ஐந்து பேரும் சீட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவருக்குப் பரிசு தர வேண்டும். பரிசு பெறுபவர் தனக்கு என்ன வேண்டும் என்று எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். கடையில் கிடைக்காததாகவும் கொடுப்பவரால் முடிந்ததாகவும் இருந்தால் மறுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் கீழே வழக்கம்போலத் தேதி போட்டுக் கையெழுத்து.

பிஸ்கட் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம். அப்பாவுக்கு அம்மா பெயர் வந்தது. அம்மாவுக்கு அண்ணன், அண்ணனுக்கு அப்பா, அத்தைக்கு நான், எனக்கு அத்தை.

தேவைப் பட்டியல்கள் அப்பாவின் பார்வைக்குப் போய்த் திரும்பின. அண்ணனுடையது மட்டும் மூன்று முறை திரும்பி வந்தது. பந்து வேண்டும் என்று எழுதியிருந்தான், தேதி போடவில்லை. "தேதியில்லாத காகிதம் வெறும் காகிதம்" என்றார் அப்பா. இரண்டாம் முறை தேதி போட்டான், வருடம் போடவில்லை. மூன்றாம் முறை இரண்டும் போட்டான், தன் பெயரை எழுத மறந்துவிட்டான்.

நான் கேட்டது நட்சத்திரம். கிறிஸ்துமஸுக்கு வாசலில் விளக்குப் போட்டுத் தொங்கவிடும் நட்சத்திரம், என் உயரத்துக்கு. பக்கத்து வீட்டுக்காரம்மாவின் மகள் என் வகுப்புத்தான். அவர்கள் சேக்காட்டில் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்தவர்கள். தீபாவளியன்று அவர்கள் வீட்டில் வெடித்த சரத்தின் நீளத்தை அவள் கார்த்திகை முடியும்வரை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதிலுக்கு என்னிடம் ஏதாவது இருந்தாக வேண்டும். என் உயரத்தில் ஒரு நட்சத்திரம் வரப்போகிறது என்று அவளிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவள் மூலமாகத் தெரு முழுவதும் சேதி போய்விட்டது.

கடையை மூடிவிட்டோம் என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. உண்மையில் மூடவில்லை, இடம் மாற்றியிருந்தார். அம்மா கேட்டது நோட்டுப் புத்தகம் அடுக்க ஓர் அலமாரி. அப்பா பழைய பெட்டிப் பலகைகளை வைத்து ஆணியடித்தார். பலகையைப் பிடித்துக்கொண்டது அத்தை, ஆணி வளைந்தபோது பிடுங்கி நிமிர்த்தியது அத்தை. அண்ணனுக்குத் துணிப்பந்து தைக்க வேண்டிய அம்மாவுக்கு அரையாண்டுத் தேர்வுத் தாள் குவிந்து கிடந்தது, தைத்தது அத்தை. அப்பாவின் புத்தகங்களுக்கு அட்டை போட வேண்டிய அண்ணனுக்குப் பசை காய்ச்சிக் கொடுத்து, கடைசியில் அட்டையும் போட்டுக் கொடுத்தது அத்தை. போன வருடம் வரை பேக்கரியில் வாங்கிய பண்டிகைப் பலகாரங்களும் இப்போது வீட்டிலேயே சுட வேண்டும். கடைக்காரருக்காவது இரவில் கதவைச் சாத்தும் உரிமை உண்டு.

எல்லோருடைய பட்டியலும் வந்துவிட்டது, அத்தையுடையதைத் தவிர. கேட்கும்போதெல்லாம், "பொறு ஏட்டி, யோசிச்சிட்டு இருக்கேன்" என்பார். தபால்காரர் மணியடித்தால் மட்டும், கையில் மாவோ சாம்பலோ எதுவானாலும் அப்படியே வாசலுக்கு ஓடுவார். பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓர் அஞ்சலட்டை வந்தது. அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, அன்று சாயங்காலமே எனக்குத் தன் தேவையை எழுதித் தந்தார். இரண்டே வரி. ஒரு நாள் லீவு. இருபத்து மூன்றாம் தேதி.

மறுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் லீவை எப்படிப் பரிசாகக் கொடுப்பது? எனக்குத் தெரிந்தவரை லீவு என்பது அப்பாவிடம் இருக்கும் ஒரு பொருள். விண்ணப்பம் எழுதினால் தருவார். தன் சொந்த லீவு விண்ணப்பங்களின் நகல்களை அவர் ஒரு கோப்பில் கட்டி வைத்திருந்தார். ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி முழுவதையும் பார்த்து எழுதினேன். துறைப் பெயர் இருந்த இடத்தில் எங்கள் வீட்டு எண், அப்பாவின் பெயர் இருந்த இடத்தில் அத்தையின் பெயர். இருபத்து மூன்றாம் தேதி ஒருநாள் தற்செயல் விடுப்பு வழங்குமாறும், தலைமையிடத்தை விட்டுச் செல்ல அனுமதிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

அப்பாவின் கடிதத்தில் அந்த அனுமதிக்கு முன்னால் எந்தத் தேதி முற்பகல் எத்தனை மணி முதல், எந்தத் தேதி பிற்பகல் எத்தனை மணி வரை என்று நீளமாக இருந்தது. அந்த முற்பகல் பிற்பகல் எனக்குப் பிடிபடவில்லை. விட்டுவிட்டேன்.

அத்தை படித்துப் பார்த்தார். தலைமையிடம் என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டார்.

"இது என்னட்டி?"

அரசு ஊழியர் வேலை பார்க்கும் ஊருக்குத்தான் அந்தப் பெயர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். தலைமையிடம் என்றால் தலை வைக்கும் இடம், அதாவது தலையணை. லீவில் போகிறவர்கள் விடியும் முன்பே எழுந்து பஸ்ஸுக்குப் போக வேண்டியிருக்கும். அதற்காகத் தலையணையை விட்டுப் போகவும் அனுமதி கேட்க வேண்டும். அப்பா ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்படித்தான் கேட்பார். அத்தையும் நானும் ஒரே பாயில் பக்கத்துப் பக்கத்துத் தலையணையில் படுப்பவர்கள். ஆகவே இது எனக்கும் சம்பந்தப்பட்ட விஷயம் என்றும் சொன்னேன்.

அத்தை சிரிக்கவில்லை. "சரியாத்தான் எழுதியிருக்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

காகிதத்தை அப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். வாங்கிப் படித்து முதலில் சிரித்தார், அம்மாவைக் கூப்பிட்டு மேல்முகவரியைக் காட்டினார். அம்மாவும் சிரித்துவிட்டு விடைத்தாளுக்குத் திரும்பிவிட்டார். அப்பா இன்னொரு முறை படித்தார். பிறகு இன்னொரு முறை. பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். சமையலறைப் பக்கம் பார்த்தார்; அங்கே அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே துலக்கிய பாத்திரம் ஒன்றைத் துலக்கிக்கொண்டிருந்தார். பேனா மறுபடி திறந்தது. அனுமதிக்கப்படுகிறது என்று எழுதி, கையெழுத்திட்டு, அதன் கீழே தேதி போட்டார். "உங்க அத்தைகிட்ட குடு. பத்திரமா வச்சுக்கச் சொல்லு" என்றார்.

சங்கடம் இருபத்து இரண்டாம் தேதி சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. நட்சத்திரத்துக்குப் பக்கத்து வீட்டு வேலி மூங்கிலைப் பிளந்து கட்டிய எலும்புக்கூடு தயாராக நின்றது. அம்மாவின் பள்ளியில் மிஞ்சிய மெல்லிய தாள்களை அத்தை மஞ்சளிலும் பீட்ரூட் சாற்றிலும் நனைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார். ஒட்டத்தான் வேண்டும். இருபத்து மூன்று அன்று அத்தை லீவு. இருபத்து நாலு முழுக்கப் பலகார வேலை, சாயங்காலம் கோயிலில் ஆராதனை. அப்படியானால் என் நட்சத்திரத்தை ஒட்டுவது யார்?

அத்தையிடம் போய், லீவைப் பண்டிகை முடிந்து எடுத்துக்கொள்ளும்படி கேட்டேன். அந்த ஒரு நாளை மாற்ற முடியாது என்றார். நான் அழுதேன். நட்சத்திரம் என் எழுத்துமூலத் தேவை, மறுக்கக்கூடாது என்று சட்டம் பேசினேன். அத்தை உள்ளே போய், நான்காய் மடித்த அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"நீ குடுத்ததுதான். வேண்டாம்னா கிழிச்சிரு. நான் போகல."

அத்தையின் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. காகிதத்தை என் கையில் வைத்த விரல்கள் மட்டும் உடனே விலகவில்லை.

கிழிக்கத்தான் நினைத்தேன். பிரித்தும் பார்த்தேன். கீழே அப்பாவின் கையெழுத்து இருந்தது. எங்கள் வீட்டில் தட்டை உடைக்கலாம், பொய்கூடச் சொல்லிவிடலாம். கையெழுத்தான காகிதத்தைக் கிழிப்பது என்பது யாரும் செய்து பார்க்காத குற்றம். அதற்கு என்ன தண்டனை என்று தெரியாததால் பயமாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாசமோ பெருந்தன்மையோ அதில் ஒரு துளியும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

காலையில் நான் கண் விழித்தபோது பக்கத்துத் தலையணை காலியாக இருந்தது. சமையலறை மேடையில் ஒரு காகிதம். லீவில் போகிறவர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதை அத்தையும் அப்பாவிடமிருந்து கற்றிருந்தார். பால் எங்கே, அச்சு முறுக்குக்கு மாவு எவ்வளவு தண்ணீர் வாங்கும், எண்ணெய் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், நட்சத்திரத்தை எந்த மூலையில் தொடங்கி ஒட்ட வேண்டும், எல்லாம் அதில் இருந்தது.

அப்பா அன்று அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். அத்தையின் காகிதத்தை ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்து ஒவ்வொன்றாக நிறைவேற்றினார். மாவு கெட்டியாக இருக்கிறது என்று அம்மா சொன்னபோது, எழுதியதைவிட ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார். முறுக்கு அச்சை விட்டு இறங்க மறுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வெகுநேரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரம்மா, பொறுக்க முடியாமல் உள்ளே வந்தார்.

"இன்னா சார் நீ, அச்சுல ஒட்டிக்கினு கீது, அதப் போயி பேப்பர்ல தேடினு கீற? தள்ளு அப்பால."

அப்பா தள்ளி நின்றார். முறுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு அவருக்கு அடுப்பில் வேலை இல்லாமல் போனதால் என் நட்சத்திரத்துக்கு வந்தார். நானும் அவருமாக மத்தியானம் முழுவதும் ஒட்டினோம். முகமெல்லாம் பசை. ஐந்து முனைகளில் நான்கு ஒழுங்காக வந்தன. ஐந்தாவதற்குத் தாள் போதாமல், அத்தை எழுதி வைத்திருந்த பொறுப்பு ஒப்படைப்புக் காகிதத்தையே ஒட்டினார் அப்பா. வாசல் மாமரக் கொம்பில் கட்டித் தூக்கியபோது நட்சத்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கால் சுளுக்கிய மாதிரி நின்றது. பக்கத்து வீட்டுக்காரம்மா இடுப்பில் கைவைத்து நெடுநேரம் பார்த்தார்.

"சார், தப்பா நெனச்சிக்காத. இது நட்சத்திரமா, ஆமையா?"

அவர் மகளும் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் நாக்குக்கு அது முதல் விடுமுறை. ஆனால் மறுநாள் தெருவில் பாதிப் பேர் ஆமையைப் பார்க்க வந்துவிட்டார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அத்தை வந்தார். நல்ல புடவை கசங்கி, காலெல்லாம் புழுதி. வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார். ஐந்தாவது முனையில் விளக்கு வெளிச்சத்தில் தன் கையெழுத்தே தெரிவதைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன காரியம் என்ன ஆயிற்று என்று அப்பா மெதுவாகக் கேட்டார். "நல்லாக் கேட்டாங்கண்ணே. நானும் நல்லாத்தான் சொன்னேன்" என்றார் அத்தை. என்ன கேட்டார்கள், யார் கேட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

புத்தாண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பெரியப்பா வந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு செங்கல்பட்டிலிருந்து அத்தைக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. பெண்கள் பள்ளி ஒன்றின் விடுதியில் காப்பாளர் வேலை, தங்க இடமும் உண்டு, உடனே வந்து சேர வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அப்பா அதைப் பெரியப்பாவிடம் கொடுத்தார். பெரியப்பா படித்த வேகத்தில் குரல் உயர்ந்தது. கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக ஓர் ஊரில் விட்டுவிட்டு நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது, இதற்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார்.

அந்தக் கடைசிக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி அத்தை உள்ளே போய், என் காகிதத்தைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீதிமன்றத்தில் வாசிப்பதுபோல முழுவதையும் வாசித்தார்.

"லீவு ஒரு நாளைக்குத்தான், அது முடிஞ்சுபோச்சு. ஆனா தலைமையிடத்தை விட்டுச் செல்ல அனுமதின்னு தனியா இருக்கு பாருங்க. அதுக்கு முடிவு தேதி போடல."

"ஏல, என்ன வெளாட்டு இது? சின்னப்புள்ள எழுதுனத வச்சிக்கிட்டு."

"வெளாட்டுதான் அண்ணே. ஆனா கையெழுத்து என்னுதுல்லா."

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அத்தை போய்விட்டால் வீடு என்ன ஆகும் என்பது எல்லோரையும்விட அம்மாவுக்குத்தான் தெரியும். அம்மா, அவங்க சொன்னா விதிப்படிதான் இருக்கும் அத்தான் என்று சொல்லி, எச்சில் இலைகளை எடுக்கக் குனிந்தார். பெரியப்பா பாயசம் வேண்டாம் என்றார். பிறகு குடித்தார்.

அடுத்த வாரம் அத்தை போனார். தகரப் பெட்டியை அப்பா சைக்கிளில் வைத்துக் கட்டி ஆவடி ஸ்டேஷன்வரை தள்ளிக்கொண்டே போனார். நான் பக்கத்தில் நடந்தேன். அத்தை தலையணையை எடுத்துக்கொள்ளவில்லை. அதைத்தானே விட்டுப் போக அனுமதி, சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் பாய் விரிக்கும்போது அந்தத் தலையணையையும் என் பக்கத்தில் தட்டிப் போட்டு வைப்பேன். பொங்கல் வந்தது, போனது. அத்தையின் லீவு எப்போது முடியும் என்று அப்பாவிடம் கேட்டேன். நீ எழுதின கடிதத்துல என்ன போட்டிருந்தது என்று திருப்பிக் கேட்டார். ஒன்றும் போடவில்லை என்றேன். அப்படியானால் முடியாது என்றார். நான் அழத் தொடங்கியதைப் பார்த்து, அதனால ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று தலையைத் தடவினார். எனக்குச் சமாதானமாகவில்லை. முற்பகல் பிற்பகலுக்குச் சோம்பல்பட்டு நான் விட்ட பிழையால்தான் அத்தை திரும்ப வர முடியாமல் போயிற்று என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறைக்கு அத்தை புதுச் செருப்போடும் சற்றுப் பூசின முகத்தோடும் வந்து என்னைத் தூக்கியபோதுகூட, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

பிற்பாடு நானும் அரசு வேலைக்கு வந்து, விடுப்புக் கோப்புகள் என் மேசைக்கும் வந்து, கண்காணிப்பாளராகவும் ஆனேன். அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, தலைமையிட அனுமதிக்குத் தேதி குறிப்பிடாமல் ஒரு விண்ணப்பத்தை வைத்தாள். படித்து முடிக்கும் முன்பே என் சிவப்புப் பேனா அந்த இடத்தைச் சுழித்துவிட்டது. இந்த வேலையில் ஒரு வருடம் இருந்தவருக்குக்கூட அது கண்ணில் படும். அந்த முடிவு தேதியில்லாமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பேனாவை மூடினேன். ஒரு பந்துக்கான பட்டியலை மூன்று முறை திருப்பியனுப்பிய மனிதர், என் காகிதத்தையும் மூன்று முறை படித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார், சமையலறைப் பக்கம் பார்த்தார், திறந்தார். அந்தக் கிறிஸ்துமஸ் சீட்டில், பரிசு கொடுக்க அவருக்கு வந்தது அம்மாவின் பெயர் மட்டும்தான்.